செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியின் ஒரு பகுதியை ஈர்ப்பலைத் தரவில் நடத்துங்கள்: தேசிய விஞ்ஞான மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

தேசிய விஞ்ஞான மன்றத்தின் தலைவர் அவர்களுக்கும், ஆராய்ச்சி மானியங்களைத் தீர்மானிக்கும் குழுவினருக்கும், எமது பல்கலைக்கழகங்களின் பௌதிகவியல், கணினி விஞ்ஞானத் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

செயற்கை நுண்ணறிவில் எமது மாணவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதில் இன்று கொழும்பில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருப்பதாகத் தெரியவில்லை. எந்தத் தரவில் பயிற்றுவிப்பது, பயிற்சி பலித்ததா என்பதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விகள்தான் போதிய அளவு பேசப்படாமல் இருக்கின்றன. அந்தப் பயிற்சியின் ஒரு சிறு பகுதியையாவது ஈர்ப்பலை வானியலின் பொதுத் தரவில் நடத்த வேண்டும் என்றும், அவ்வாறு நடத்தும்போது மாணவர் உருவாக்கிய நரம்பியல் வலையமைப்பு (தரவிலிருந்து தானே கற்கும் மென்பொருள்) எத்தனை முறை பொய்யாக எச்சரிக்கிறது, அதாவது சமிக்ஞை இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். நான் பௌதிகவியல் படித்துவிட்டுக் கொழும்பில் தரவுப் பொறியியலாளராகப் பணியாற்றுபவன். எந்த ஈர்ப்பலை ஆய்வுக் குழுவிலும் உறுப்பினன் அல்லன்.

உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது என்றாலும், இம்மடலைப் படிக்கக்கூடிய ஏனையோருக்காகச் சில வரிகள். ஈர்ப்பலை என்பது, பெருந்திணிவுப் பொருட்கள் மோதும்போது எழுந்து, வெளியையே நீட்டிச் சுருக்கியபடி பரவும் அலை. 2015 செப்டெம்பர் 14 அன்று, இலங்கை நேரப்படி பிற்பகல் 3.20 மணிக்கு, அத்தகைய அலைகளைப் பிடிப்பதற்காக அமெரிக்காவின் லிவிங்ஸ்டனில் அமைக்கப்பட்ட லைகோ கருவியையும், ஏறத்தாழ 7 மில்லிசெக்கன் கழித்து ஹான்ஃபோர்டில் உள்ள அதன் இணைக் கருவியையும் ஓர் அலை கடந்து சென்றது. சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் திணிவு கொண்ட இரு கருந்துளைகள் ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்தபோது எழுந்த அலை அது. கருவியின், லேசர் ஒளி ஓடும் 4 கிலோமீற்றர் நீளக் கைகளில் அது ஏற்படுத்திய மாற்றம் ஒரு புரோத்தனின் விட்டத்தில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு. மீடிறன் 35 ஹேர்ட்ஸிலிருந்து 250 ஹேர்ட்ஸ் வரை ஏறிச்செல்ல எடுத்த நேரம் ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய சமிக்ஞையைக் கருவியின் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையிற்றான் இயந்திரக் கற்றல் இன்று நுழைந்திருக்கிறது.

அது நுழைவதற்கு முன்பிருந்தே நிற்கும் முறையைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய அலைவடிவங்களை முன்கூட்டியே கணித்து, அவை ஒவ்வொன்றையும் தரவின் மீது நகர்த்தி, எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பதே அந்த முறை; பொருத்து முறை என்று அதைக் குறிப்பிடுகிறேன். லைகோவின் முதலாவது அவதானிப்புக் காலத்தில் இவ்வாறு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் அலைவடிவங்கள் பயன்பட்டன. இத்தகைய அலைவடிவங்களை எவ்வளவு நெருக்கமாகத் தெரிவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அடிப்படை வகுத்த ஆய்வுகளில் ஒன்று, இந்திய ஆய்வாளர்களான சத்தியபிரகாஷ், துரந்தர் ஆகிய இருவரும் 1991 இல் வெளியிட்டது. லைகோ என்ற கருவி அப்போது கட்டப்பட்டிருக்கவே இல்லை. பெரிய கருவியும் பெரிய நிதியும் வந்த பிறகுதான் இத்துறையில் இறங்க முடியும் என்று எண்ணுவோருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

மாணவர் அறிக்கைகளில் நான் அடிக்கடி காணும் ஒரு வரியிலிருந்து என் கோரிக்கையின் மையத்திற்கு வருகிறேன். "எமது நரம்பியல் வலையமைப்பு 99 சதவீதத் துல்லியத்துடன் ஈர்ப்பலைகளை இனங்காண்கிறது" என்பதே அந்த வரி. எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த வலையமைப்பை உண்மையான தரவின் மீது ஓடவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் எவரும் கணக்கிடுவதில்லை. செக்கனுக்கு ஒரு துண்டாகத் தரவை வெட்டிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு 86,400 துண்டுகள். வெறும் இரைச்சலைக் கொண்ட துண்டுகளில் நூறில் ஒன்றைச் சமிக்ஞை என்று அது தவறாகச் சொன்னால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 860 பொய் எச்சரிக்கைகள். 2023 மே மாதத்திலிருந்து 2025 நவம்பர் வரை நடந்த நான்காவது அவதானிப்புக் காலத்திற்கூட, ஈர்ப்பலையாகக் கருதத்தக்க நிகழ்வுகள் சராசரியாக இரண்டு மூன்று நாட்களுக்கு ஒன்று என்ற வீதத்திலேயே கிடைத்தன. ஆயிரக்கணக்கான பொய்களுக்கு நடுவே ஓர் உண்மை இருப்பதாகச் சொல்லும் மென்பொருளை வானியலாளர் எவரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். மாதத்திற்கு ஒரு பொய் எச்சரிக்கை என்ற, இத்துறையில் மிகவும் தாராளமான, எல்லைக்கு வரவேண்டுமானால் ஏறத்தாழ 26 இலட்சம் துண்டுகளில் ஒன்றில் மட்டுமே தவற வேண்டும். நூறில் ஒன்றிலிருந்து 26 இலட்சத்தில் ஒன்றுக்குச் செல்லும் பாதையில் ஒரு மாணவர் கற்றுக்கொள்பவை, எந்தச் சான்றிதழ்ப் பாடநெறியிலும் கிடைப்பவை அல்ல.

அந்தப் பாதையில் முதலில் முட்டுவது கணினியின் எண்களே. வழக்கமான வகைப்படுத்தி வலையமைப்பு தனது முடிவை 0 க்கும் 1 க்கும் இடைப்பட்ட ஒரு மதிப்பாகத் தருகிறது. நன்கு பயின்ற வலையமைப்பில் அம்மதிப்பு 1 ஐ மிக விரைவில் எட்டி, மேலே போக இடமின்றி நின்றுவிடும். அதற்குப் பிறகு, வலுவான சமிக்ஞையையும் அதைப் போல நடிக்கும் இரைச்சலையும் வரிசைப்படுத்த வழியே இல்லை. முடிவை 0 க்கும் 1 க்கும் இடையில் அமுக்கும் அந்தக் கடைசிப் படியை நீக்கிவிட்டு, அதற்கு முந்திய எண்ணையே தரவரிசைக்கு எடுத்தால் நிலைமை தேறுகிறது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். திருத்தம் சிறியது. ஆனால் 99 சதவீதத்துடன் திருப்தியடைந்த மாணவருக்கு இப்படியொரு சிக்கல் இருப்பதே தெரிய வராது.

அடுத்தது இரைச்சலின் இயல்பு. பாடநூல்களில் வரும் இரைச்சல் சீரானது, புள்ளிவிபரவியலின் சொற்படி நடப்பது. லைகோவின் இரைச்சல் அப்படிப்பட்டதன்று. "கிளிட்ச்" என்று அங்கே அழைக்கப்படும் திடீர்க் குத்துகள் அதில் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. சிலவற்றுக்குக் காரணம் தெரியும், பலவற்றுக்குத் தெரியாது. "பிளிப்" எனப்படும் ஒரு வகை, பெருந்திணிவுக் கருந்துளைகள் மோதும்போது எழும் குறுகிய சமிக்ஞையைப் போலவே தோற்றமளிப்பதால் மிகவும் தொல்லை தருவது. 2019 மே 21 அன்று பதிவான அத்தகைய கருந்துளை மோதல் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரமே நீடித்தது என்பதை எண்ணினால், இந்தத் தொல்லையின் கனதி புரியும். "கிராவிட்டி ஸ்பை" என்ற திட்டத்தில் பொதுமக்கள் இந்தக் குத்துகளின் படங்களைப் பார்த்து இனம் பிரிக்க, அந்தப் பிரிப்பைக் கொண்டு வலையமைப்பு பயில்கிறது. அதில் சேரக் கட்டணம் இல்லை. எமது பாடசாலை மாணவர்கள்கூட நாளைக்கே தொடங்கலாம், அதற்கு மானியமும் வேண்டியதில்லை.

உண்மையான இரைச்சலுக்கும் பாடநூல் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை ஒரு பொதுப் போட்டி அளந்து காட்டியது. 2022 இல் முடிவுகள் வெளியான அந்தப் போட்டியில், பல நாட்டுக் குழுக்களின் இயந்திரக் கற்றல் முறைகளும் பழைய பொருத்து முறையும் ஒரே தரவின் மீது ஓடவிடப்பட்டு, மாதத்திற்கு ஒரு பொய் எச்சரிக்கை என்ற அளவில் ஒப்பிடப்பட்டன. செயற்கையான சீர் இரைச்சலில் மிகச் சிறந்த வலையமைப்பு, பழைய முறை எவ்வளவு தொலைவிலுள்ள மோதல்களைக் காண்கிறதோ அத்தொலைவில் 95 சதவீதம் வரை எட்டியது. லைகோவின் உண்மையான இரைச்சலில் முன்னணியில் நின்றது எட்டிய தொலைவு 70 சதவீதம். கேட்பதற்கு மோசமில்லை என்று தோன்றலாம். ஆனால் நிகழ்வுகள் கிடைக்கும் எண்ணிக்கை, கண்காணிக்கப்படும் வெளியின் கனவளவைப் பொறுத்தது; 0.7 இன் மூன்றாம் அடுக்கு 0.34. அதாவது பழைய முறை மூன்று நிகழ்வுகளைக் காணும் இடத்தில் அது ஒன்றையே காணும். அதன் பின்னர் இத்துறை முன்னேறியிருக்கிறது. "அஃப்ரேம்" போன்ற வலையமைப்புகள் நான்காவது அவதானிப்புக் காலத்தில் உடனடித் தேடலிலேயே பணியாற்றின. இருப்பினும், 95 க்கும் 70 க்கும் இடையில் என்ன நடந்தது என்று ஆராயும் ஒரு மாணவர், மருத்துவமனையிலோ வங்கியிலோ நாளை அவர் பொருத்தப்போகும் எந்த மென்பொருளையும் அதே கண்ணோடு பார்ப்பார் என்பதே என் நம்பிக்கை.

பொய் எச்சரிக்கை வீதத்தைக் கண்டறிய இத்துறை பயன்படுத்தும் உத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இவ்வளவு எளிமையும் நேர்மையும் ஒருங்கே அமைந்த உத்தி தரவு விஞ்ஞானத்தில் அரிது. இரு கருவிகளுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். ஒளியின் வேகத்தில் அதைக் கடக்க 10 மில்லிசெக்கன் போதும். எனவே ஒரு கருவியின் தரவை மற்றதற்கு எதிராக அதைவிட அதிகமாக, உதாரணமாகச் சில செக்கன்கள், நகர்த்திவிட்டால், அதற்குப் பிறகு இரண்டிலும் ஒருசேரத் தெரியும் எதுவும் வானிலிருந்து வந்ததாக இருக்க முடியாது, அது தற்செயலே. வெவ்வேறு அளவுகளில் மீண்டும் மீண்டும் நகர்த்தினால், சில நாட்களின் தரவிலிருந்து மிக நீண்ட காலத்திற்குச் சமமான பின்னணியை, அதாவது தற்செயல் பொருத்தங்களின் கணக்கை, பெறலாம். 2015 இன் முதற் கண்டுபிடிப்பு, 2 இலட்சத்து 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைகூடத் தற்செயலாக நிகழாது என்று அறிவிக்கப்பட்டது இப்படித்தான். அதற்குப் பயன்பட்டது 16 நாட்களின் தரவு. வலையமைப்பு ஓர் இருட்டறையாகவே இருந்தாலும் இந்த உத்தி அதன் மீதும் செல்லுபடியாகும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒன்றை வெளியிலிருந்து எப்படிக் கணக்குக் கேட்பது என்பதற்கு இதுவே பயிற்சி.

இனி, இயந்திரக் கற்றல் உண்மையிலேயே வென்றிருக்கும் இடங்கள். 2025 இல் வெளியான ஓர் ஆய்வில், லிவிங்ஸ்டன் கருவியின் ஆடிகளை அசையாமல் நிறுத்தும் கட்டுப்பாட்டை ஒரு கற்றல் முறையிடம் ஒப்படைத்தபோது, 10 முதல் 30 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியில் அக்கட்டுப்பாடே உண்டாக்கும் இரைச்சல் 30 மடங்குக்கு மேல் குறைந்தது. மற்றது வேகம். இதைக் கொழும்பிலிருந்து பார்த்தால் ஒரு தனிச் சுவை உண்டு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2017 ஓகஸ்ட் 17 அன்று இரு நியூத்திரன் நட்சத்திரங்கள் மோதிய அலை வந்தபோது இங்கே நேரம் மாலை 6.11, கொழும்பில் சூரியன் மறையச் சற்று முன். மோதல் நிகழ்ந்த என்ஜிசி 4993 என்ற விண்மீன் திரள், எமது மேற்கு வானில் இரவு ஒன்பதரை மணிவரை தொடுவானுக்கு மேலேயே இருந்தது. ஆனால் மோதலுக்கு ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு முன் லிவிங்ஸ்டன் தரவில் ஒரு பெருங் கிளிட்ச் விழுந்ததால் தானியங்கித் தேடல் அக்கருவியின் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டது. அதைக் கையாண்டு, இத்தாலியின் விர்கோ கருவியின் தரவையும் சேர்த்து, எங்கே பார்க்க வேண்டும் என்ற வானப்படம் வெளியானபோது இலங்கையில் இரவு 11.20 கடந்திருந்தது. அந்தத் திரள் எமக்கு மறைந்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. மோதலில் எழுந்த ஒளியை முதலிற் கண்டவர்கள், மோதலுக்கு ஏறத்தாழ 11 மணித்தியாலத்தின் பின், சிலியில் இருந்த தொலைநோக்கியினர். கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்திடம் உள்ள 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி அதைப் பிடித்திருக்குமா, நகரின் வெளிச்சமும் ஓகஸ்ட் மாத முகிலும் விட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. முதல் மூன்று மணித்தியாலம் இந்தத் தீர்க்கரேகையில் இருந்தவர்களுக்கு உரியதாக இருந்தது என்பதும், தகவல் வராததால் அது வீணானது என்பதும் கணக்கு. இன்று அத்தகைய சமிக்ஞையின் எல்லாப் பண்புகளையும், வானில் அதன் இடம் உட்பட, ஒரு செக்கனில் மதிப்பிடும் வலையமைப்பு 2025 இல் வெளியாகியிருக்கிறது. வேகம் மட்டும் 2017 இன் சிக்கலைத் தீர்த்திருக்காது, கிளிட்சை உடனுக்குடன் இனங்காணும் முறையும் கூடவே வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் எமது மாணவர்கள் கைவைக்கக்கூடிய வேலைகளே.

பொருளாதார நெருக்கடியிலிருந்து எழுந்துவரும் நாட்டில் கருந்துளைக்குப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆகவே செலவைச் சொல்லிவிடுகிறேன். லைகோவின் தரவு, குறிப்பிட்ட காலம் கழிந்ததும், எவரும் பதிவிறக்கக்கூடியதாக வெளியிடப்படுகிறது. செக்கனுக்கு 4,096 எண்கள் என்ற வடிவில் ஒரு கருவியின் ஒரு நாள் தரவு 3 ஜிகாபைட்டுக்கும் குறைவு. இரு கருவிகளின் ஒரு மாதத் தரவு ஏறத்தாழ 170 ஜிகாபைட். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கும் சாதாரண வன்தட்டு ஒன்றில் பல மாதங்களின் தரவு அடங்கிவிடும். பொருத்து முறையை ஓட்டுவதற்கான பைசிபிசி மென்பொருள் இலவசம். பற்றாக்குறை எங்கே என்றால் வரைகலை அட்டை பொருத்திய கணினிகளில், அதிலும் இரவு முழுவதும் ஓடவிட அனுமதிக்கும் கணினிகளில். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பில் இத்தரவின் ஒரு பிரதியை வைத்து, சில அட்டைகளின் நேரத்தை எல்லாப் பல்கலைக்கழக மாணவர்களும் முறைவைத்துப் பெறச் செய்தாலே, யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தாறுமூலையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் ஒரே தரவில் வேலை செய்யலாம்.

வழிகாட்ட ஆள் இல்லை என்பது இதைவிடக் கடினமான தடை. ஈர்ப்பலையில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் இங்கே மிகச் சிலரே. ஆயினும் பௌதிகவியலிலிருந்து ஒருவரும் புள்ளிவிபரவியலிலிருந்து ஒருவரும் சேர்ந்து மேற்பார்வை செய்தால் இளங்கலை மட்டத்திற்குப் போதும். மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ கருவி ஒன்றை அமைக்க இந்திய அரசாங்கம் 2023 இல் அனுமதி வழங்கியது. புனே, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களில் இத்துறையின் ஆய்வாளர்கள் பணியாற்றுகிறார்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம் கூட இல்லை. உயர்தரத்தில் அடிப்புகளையும் மேற்பொருந்துகையையும் தமிழிலேயே படித்துவிட்டு வரும் முதலாண்டு மாணவருக்கு அங்கிருந்து வரும் ஒருவர் தமிழிலேயே தொடக்க விரிவுரை நிகழ்த்தவும் முடியும். சிங்கள மொழி மாணவர்களுக்கும் அதே போன்ற தொடக்கம் வேண்டும். அதற்கான ஆட்கள் எமது துறைகளிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது, உங்களது அடுத்த மானிய அழைப்பில் இளங்கலைச் செயற்றிட்டங்களுக்கென ஒரு சிறு பிரிவைத் திறந்து, ஈர்ப்பலைப் பொதுத் தரவில் இயந்திரக் கற்றலை அதன் பொருளாக அறிவிப்பதே. அதனோடு சேரும் நிபந்தனைகள்தான் எனக்குப் பணத்தைவிட முக்கியமானவை. பயிற்சிக்கு எடுத்த காலத்தின் தரவில் சோதனை செய்யக்கூடாது. சோதனை உண்மையான இரைச்சலில் நடக்க வேண்டும். பின்னணியை நேர நகர்த்தலால் கணக்கிட்டு, மாதத்திற்கு ஒரு பொய் எச்சரிக்கை என்ற அளவில் முடிவைத் தர வேண்டும். அதே தரவில் பொருத்து முறை என்ன கண்டது என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பொருத்து முறையிடம் தோற்ற வலையமைப்பைப் பற்றிய அறிக்கைக்கும், ஏன் தோற்றது என்று காட்டியிருந்தால், முழுப் புள்ளி கிடைக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை ஏற்பதற்குத் தேர்வாளர்கள் தயங்குவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அதை விட்டுக்கொடுத்தால் ஏனையவற்றை வைத்தும் பயனில்லை. 99 சதவீதம் என்ற வரியே மறுபடி எழுதப்படும்.

இப்பிரிவுக்கான விண்ணப்பங்களையும் இறுதி அறிக்கைகளின் கணிப்புகளையும் ஊதியமின்றிச் சரிபார்த்துத் தர, கொழும்பில் தரவுத் துறையில் பணியாற்றும் என்னைப் போன்ற சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். குழு கூடும் நாளை அறிவித்தால் மாதிரிச் செயற்றிட்டம் ஒன்றை, தரவுடனும் நிரல்களுடனும், நேரில் ஓட்டிக் காட்டுவோம்.

இங்ஙனம்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தரவுப் பொறியியலாளர்
கொழும்பு 06